பொட்டாசியம்: கொதிநீரில் போவதும் கறியில் நிற்பதும்

பாரிஸின் லாச்சப்பலில் ஒரு வாரத்துக்குரிய சாமான் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் எவரும் பொட்டாசியத்தையும் சுமந்துகொண்டுதான் போகிறார். கார் து நோர் நிலையத்திலிருந்து லாச்சப்பல் மெட்ரோ வரை ஃபோபூர் சென் தெனி வீதியின் இருபுறமும் உள்ள தமிழ்க் கடைகளில் வாழைக்காய், முருங்கையிலை, இராசவள்ளிக் கிழங்கு, மைசூர்ப் பருப்பு, பெட்டியில் அடைத்த இளநீர் எல்லாம் கிடைக்கின்றன. பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் சோடியம் குறைத்த உப்பு இருக்கிறது. பூச்சாடிக்கு ஊற்றும் உரமும் தரை துடைக்கும் சவோன் நுவாரும் அதே கூடையில் வந்துவிடுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓர் அறிவுரை உலவுகிறது. ஒன்று மற்றொன்றோடு மோதுகிறது. வாழைப்பழம் இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்கிறார் ஒருவர், சிறுநீரகத்துக்குக் கூடாது என்கிறார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மை. இந்த முரணை அவிழ்க்க நீளமான பட்டியல்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். பொட்டாசியத்தின் உப்புகள் அநேகமாக எல்லாமே தண்ணீரில் எளிதில் கரைபவை. உயிருள்ள பொருளுக்குள் அவற்றைப் பிடித்து வைத்திருப்பது கலத்தின் மெல்லிய சவ்வு. நம் உடம்புக்குள் வந்ததில் மிஞ்சியதை வெளியேற்றுவது சிறுநீரகம். இந்த மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டால் குசினியிலும் பூச்சாடியிலும் மருந்துக்கடையிலும் என்ன செய்வது என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

முதலில் ஒரு பயத்தை நீக்க வேண்டும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பொட்டாசியத் துண்டைத் தண்ணீரில் போட்டதும் அது ஊதா நிறச் சுவாலையோடு ஓடி எரிந்ததைப் பார்த்தவர்கள், அதே பொருளை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பொட்டாசியம் அணுவெண் 19 கொண்ட ஓர் உலோகம். கத்தியால் வெட்டுமளவு மென்மையானது, தண்ணீரில் மிதக்குமளவு இலேசானது, 63 பாகையைத் தாண்டினால் உருகிவிடும். 1807-இல் இலண்டனில் ஹம்ப்ரி டேவி மின்பகுப்பினால் அதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே பாரிஸில் கே-லுசாக்கும் தெனாரும் இரும்பின் துணையோடு சூடாக்கி, அதைவிடக் கூடிய அளவில் அந்த உலோகத்தைச் செய்து காட்டினார்கள். அதன் வெளிச்சுற்றில் ஒரேயோர் இலத்திரன் தளர்வாக இருக்கிறது. அதை உதறிவிடும் அவசரம்தான் அந்தச் சுவாலை. உதறியபின் அது அமைதியான அயன் ஆகிவிடுகிறது. இயற்கையில் உள்ள பொட்டாசியம் முழுவதும் இலத்திரனை எப்போதோ இழந்துவிட்ட பொட்டாசியம். அதனால் உலோகப் பொட்டாசியம் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. இன்னொரு பயம் கதிரியக்கம் பற்றியது. இயற்கைப் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கதிரியக்கமுள்ளதுதான். ஆனால் உடம்பு தன்னிடமுள்ள மொத்தப் பொட்டாசியத்தை ஒரே அளவில் வைத்திருப்பதால், வாழைப்பழம் சாப்பிட்டு அந்தக் கதிரியக்கம் உள்ளே சேர்வதில்லை.

கரைதல் என்ற அந்த ஒரு குணத்தை மனிதர் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஊரில் அடுப்புச் சாம்பலும் பொச்சும் வைத்துப் பாத்திரம் துலக்கியபோது அழுக்கின் எண்ணெயைப் பிரித்ததில் சாம்பலிலுள்ள பொட்டாசியம் காபனேற்றின் காரத்துக்குப் பங்குண்டு. விறகுச் சாம்பலில் பெரும்பகுதி தண்ணீரில் கரையாத சுண்ணாம்பு. கரையும் பகுதியை மட்டும் வடித்து, காய்ச்சி வற்றவைத்தால் மிஞ்சுவது பொட்டாஷ். ஐரோப்பாவில் கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் வெடியுப்புக்கும் அதுவே ஆதாரமாக இருந்தது. பாரிஸ் நகரம் இந்த வரலாற்றின் நடுவில் நிற்கிறது. 1780-களின் கடைசியில், இன்று 15-ஆம் வட்டாரத்துக்குள் இருக்கும் ஜாவேல் என்ற செய்ன் ஆற்றங்கரைக் கிராமத்தில், பெர்தொல்லே காட்டிய வழியில் பொட்டாஷ் கரைசலுக்குள் குளோரின் வாயுவைச் செலுத்தித் துணி வெளுக்கும் நீரைச் செய்தார்கள். முதல் ஜாவேல் தண்ணீர் பொட்டாசியத்தால் ஆனது. 1791-இல் லெப்ளான் கடலுப்பிலிருந்து சோடாக்காரம் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்று, லாச்சப்பலிலிருந்து வடக்கே போகும் சாலையிலுள்ள சென் தெனியில் தொழிற்சாலை அமைத்தார். அதன்பின் மலிவான சோடியம் மெல்ல மெல்லப் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்தது. இன்று நீங்கள் வாங்கும் ஜாவேலில் இருப்பது சோடியம். (அதை வினாகிரியோடோ சுண்ணாம்புக் கறை நீக்கியோடோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.)

ஆனால் பொட்டாசியம் வீட்டுச் சாமானிலிருந்து முழுதாக விலகிவிடவில்லை. கட்டியாக வரும் மார்செய் சவர்க்காரம் சோடியத்தால் ஆனது. கூழாகவோ நீர்மமாகவோ வரும் சவோன் நுவார் பொட்டாசியக் காரத்தால் ஆனது. சோடியச் சவர்க்காரத்தைவிடப் பொட்டாசியச் சவர்க்காரம் தண்ணீரில் எளிதாகக் கரைகிறது, எளிதாகக் கழுவிப் போகிறது. தரைக்கும் கிரானைட் மேடைக்கும் அது ஏற்றது என்பதற்கும், மிளகாய்ச் செடியில் ஒட்டும் பூச்சிக்கு நீர்த்துத் தெளிக்கலாம் என்பதற்கும் காரணம் அந்தக் குணமே. சவரம் செய்தபின் பூசும் படிகாரம் பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேற்று. இங்குள்ள பார்மசிகளில் வியர்வை நாற்றத்துக்கு ‘பியேர் தலன்’ என்று விற்கும் கல்லும் பெரும்பாலும் அதுவே. அதில் தோலைச் சுருக்கும் வேலையைச் செய்வது அலுமினியம். பொட்டாசியம் அழகான பளிங்கு உருவாகத் துணை நிற்கிறது, அவ்வளவுதான். தீக்குச்சித் தலையில் தீப்பிடிக்க ஒட்சிசனைத் தருவது பொட்டாசியம் குளோரேற்று.

பூச்சாடியிலும் இதே கதை. கறிவேப்பிலையையும் மிளகாயையும் பல்கனியில் வளர்ப்பவர்கள் உரப் போத்தலில் உள்ள மூன்று எண்களில் மூன்றாவதைப் பார்க்க வேண்டும். பூவுக்கும் காய்க்கும் வேண்டிய பொட்டாசியம் அதில்தான் குறிக்கப்படுகிறது. அந்த எண் ஒட்சைட்டுக் கணக்கில் எழுதப்படுவதால், உண்மையான பொட்டாசியம் அதில் 83 வீதம். ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் சாடியின் அடித்துளை வழியாகப் பொட்டாசியமும் வடிந்து போவதால், ஒருமுறை நிறையப் போடுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பதே பலன் தரும். மழையில் நனைந்த சாம்பலில் பொட்டாசியம் மிஞ்சாது. உப்புப் போடாமல் உருளைக்கிழங்கு அவித்து வடித்த நீரை, ஆறவைத்துச் செடிக்கு ஊற்றுவது நல்ல வழக்கம். இந்த உரத்துக்கான பொட்டாசியம் பிரான்சுக்குள்ளேயே கிடைத்த காலம் ஒன்றுண்டு. 1904-இல் அல்சாசில் விட்டெல்சைம் என்ற ஊரில் அமெலி சுர்ச்சே என்ற பெண்மணி முன்னின்று துளையிட வைத்த இடத்தில் பொட்டாஷ் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. கறியுப்பும் பொட்டாசியம் குளோரைட்டும் கலந்து கிடந்த அந்தப் பாறையைப் பிரிக்க உதவியதும் கரைதிறனே: சூடேறும்போது பொட்டாசியம் குளோரைட்டு இரு மடங்காகக் கரையும், கறியுப்பு அநேகமாக அதே அளவுதான் கரையும். சுரங்கங்கள் 2002-இல் மூடப்பட்டன. மிஞ்சிய உப்பு ரைன் ஆற்றை நெடுங்காலம் கெடுத்ததையும் மறைக்கக் கூடாது.

இனி உடம்புக்கு வருவோம்; இந்த அத்தியாயத்தின் பயன் பெரிதும் இங்கேதான். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 140 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதில் 98 வீதம் கலங்களுக்குள். ஒவ்வொரு கலத்தின் சவ்விலும் உள்ள பம்பிகள் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. 1957-இல் இதைக் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோவுக்கு 1997-இல் நொபெல் பரிசு கிடைத்தது. நரம்பு உணர்வதும் தசை சுருங்குவதும் இதயம் ஒழுங்காகத் துடிப்பதும் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள இந்த வேறுபாட்டால்தான். கலங்களுக்கு வெளியே, இரத்தத்திலும் திசுநீரிலும் சேர்த்து இருக்கும் பொட்டாசியம் மூன்று கிராமைத் தாண்டாது. உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு உணவிலிருந்து வேண்டும் என்று சொல்லும் நாளாந்த அளவோ 3,510 மில்லிகிராம். இரத்தத்திலும் திசுநீரிலும் இருப்பதைவிடக் கூடுதலான பொட்டாசியத்தை ஒரே நாளில் உண்கிறோம். ஆனாலும் இரத்த அளவு லீட்டருக்கு 3.5 மில்லிமோலுக்கும் 5-க்கும் இடையில் நிற்கிறது. கலங்கள் தற்காலிகமாக உள்வாங்கிக்கொள்கின்றன. பிறகு சிறுநீரகம் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கை வெளியேற்றிவிடுகிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இளநீரோ வாழைப்பழமோ பயப்பட வேண்டியதில்லை. நம்மில் பலர் இறைச்சிக் கறியும் சோறும் ரொட்டியும் சாப்பிட்டு மரக்கறியைக் குறைப்பதால் பொட்டாசியம் போதாமல்தான் இருக்கிறது. அவர்கள் கீரையும் பருப்பும் பழமும் கூட்டுவது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும்.

சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்த வடிகால் அடைபடுகிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மவரிடையே அதிகம்; இரண்டும் சிறுநீரகத்தை மெல்லத் தின்பவை. அளவு 6.5-ஐத் தாண்டும்போது இதயத் துடிப்பு குழம்பி, நின்றே போகலாம். முன்கூட்டி வலி எதுவும் எழுவதில்லை, கால் கை சோர்வு மட்டும் இருக்கலாம். ஆகவே இதை நாக்காலோ உடலுணர்வாலோ கண்டுபிடிக்க முடியாது. இரத்தப் பரிசோதனையால்தான் முடியும். வைத்தியர் எழுதித் தரும் ‘இயோனோகிராம்’ தாளில் ‘பொத்தாசியோம்’ அல்லது ‘கலியெமி’ என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அந்த எண் திடீரென்று கூடியிருந்து, மறுபடி இரத்தம் எடுக்கச் சொன்னால் எரிச்சல்படாதீர்கள். எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் குழாயில் கசிந்து, இல்லாத உயர்வைக் காட்டும். கையை இறுக மூடி மூடித் திறப்பதும் அந்த எண்ணை ஏற்றிவிடும். ஆனால் எண் உண்மையிலேயே உயர்ந்திருந்தால், நெஞ்சு படபடப்போ தளர்ச்சியோ வந்தால், அடுத்த நாளுக்குத் தள்ளாமல் அவசர மருத்துவ எண்ணான 15-ஐ அழைக்க வேண்டும்.

சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் பெரும்பாலும் செய்வது, உருளைக்கிழங்கைத் தோல் சீவி வெட்டி இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வைப்பது. அப்படிச் செய்தால் பொட்டாசியம் இறங்கிவிடும் என்று நீண்டகாலம் சொல்லப்பட்டு வந்தது. சிவப்பணு உடைந்தால் பொட்டாசியம் வெளியே வரும் என்று மேலே பார்த்தோமே, அதையே இங்கேயும் வைத்து யோசித்துப் பாருங்கள். பச்சைக் கிழங்கின் கலங்கள் உயிரோடு இருக்கின்றன. சவ்வு உடையாதவரை பொட்டாசியம் வெளியே வராது. 2008-இல் வெளியான ஆய்வொன்று இதை அளந்து காட்டியது: இரவு முழுவதும் ஊறவைத்ததில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை, சிறு துண்டுகளாக வெட்டிக் கொதிக்கவைத்ததில் ஏறக்குறையப் பாதி போனது, துருவிக் கொதிக்கவைத்ததில் முக்கால் பங்கு போனது. வெப்பம் சவ்வை உடைக்கிறது, நீர் கரைத்துக் கொண்டுபோகிறது. எனவே முறை இதுதான்: தோல் சீவி, சிறிதாக வெட்டி, கிழங்கு மூழ்கி நிறைய இடமிருக்கும் அளவு தண்ணீரில் உப்பில்லாமல் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை முழுதும் கொட்டிவிட்டு, பிறகு தாளித்துக் கறி வையுங்கள். கீரையையும் வாழைக்காயையும் இப்படியே செய்யலாம். பருப்பை நிறைய நீரில் அவித்து வடியுங்கள். பேணியில் வரும் கடலையை அதன் நீரைக் கொட்டிக் கழுவினாலே கணிசமாகக் குறையும். குக்கரில் அளவாகத் தண்ணீர் விட்டு, அதையே கறியில் சேர்த்தால் ஒரு மில்லிகிராமும் குறையாது. அவித்த நீரைச் சொதிக்கும் ரசத்துக்கும் எடுத்து வைத்தால் கிழங்கிலிருந்து போனது கோப்பைக்குள் வந்து சேரும். வாழைப்பழத்தை விட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்துகொண்டு பருப்புத் தண்ணீரைக் குடிப்பவர் ஒன்றையும் குறைக்கவில்லை: நூறு கிராம் வாழைப்பழத்தில் சுமார் 360 மில்லிகிராம், பச்சை உருளைக்கிழங்கில் 420, காய்ந்த மைசூர்ப் பருப்பில் 650-க்கு மேல்.

இதற்கு வரும் மறுப்புகள் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. அவித்துக் கொட்டினால் விற்றமின்களும் போய்விடுமே என்பது ஒன்று. போகும், உண்மைதான், இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்தவருக்கு விற்றமின் குறைவதைவிடப் பொட்டாசியம் கூடுவதுதான் உடனடி ஆபத்து, குறையும் விற்றமினை வைத்தியர் வேறு வழியில் தரலாம். மற்றவர்கள் அந்த நீரைக் கொட்ட வேண்டியதே இல்லை. ஒரே வீட்டில் இரு முறையும் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது. உறைப்புத் தூளிலும் மஞ்சளிலும் பொட்டாசியம் மலைபோல் இருக்கிறதே, அதை என்ன செய்வது என்பது இன்னொன்று. நூறு கிராம் மிளகாய்த்தூளில் இரண்டு கிராமுக்கு அண்மையில் இருப்பது மெய். ஆனால் நாலு பேருக்கான கறியில் ஒரு மேசைக்கரண்டித் தூள் போட்டால் ஒருவர் பங்குக்கு வருவது ஐம்பது மில்லிகிராம்கூட இல்லை. புளியும் அப்படியே. கறித்தூளை விலக்கி, உருளைக்கிழங்கைக் கூட்டிச் சாப்பிடுவது கணக்கைத் தலைகீழாக்குவது. சுவையை இழக்காமல் சாப்பிட நோயாளிக்கு உரிமையுண்டு, அதைக் கெடுக்கும் தடைகளை வீணே விதிக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது சோடியம் குறைத்த உப்பு. இது பழக்கமான கறியுப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைட்டைச் சேர்த்தது. முழுவதும் அதுவாகவே விற்கப்படுவதும் உண்டு. பொட்டலத்தில் ‘குளோரூர் து பொத்தாசியோம்’ என்றோ ஈ508 என்றோ எழுதியிருக்கும். இதைத் தூற்றுவது என் நோக்கமல்ல. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைட்டுக் கலந்த உப்பு பாவித்தவர்களுக்குப் பக்கவாதம் 14 வீதம் குறைந்தது. 2025 தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்கள் வீட்டு உப்பாக இதைப் பாவிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அப்படியானால் எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் அந்தப் பரிந்துரையின் எல்லையையும் படிக்க வேண்டும்: சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், பொட்டாசியம் வெளியேறுவது தடைப்படும் நிலையில் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் அதில் சேரவில்லை. சீன ஆய்விலும் கடுமையான சிறுநீரக நோயுள்ளவர்களை முன்கூட்டியே விலக்கியிருந்தார்கள். கணக்கைப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைட்டில் பாதிக்குச் சற்று மேல் பொட்டாசியம். நான்கில் ஒரு பங்கு கலந்த உப்பை ஒரு நாளில் ஐந்து கிராம் பாவித்தால் சேர்வது சுமார் 650 மில்லிகிராம். முழுவதும் பொட்டாசியமான உப்பில் ஒரு தேக்கரண்டியே ஆறேழு வாழைப்பழத்துக்குச் சமம். அது சவ்வுக்குள் அடைபட்டதும் அல்ல, நாக்கில் பட்டதுமே கரைந்த நிலையில் இருப்பது. கொதிக்கவைத்து வடிக்கும் எந்த உத்தியும் அதற்குப் பலிக்காது. கிழங்கை இரு முறை அவித்துக் கொட்டிவிட்டுப் பிறகு இந்த உப்பைப் போட்டால், கொட்டிய பொட்டாசியமெல்லாம் ஒரு கரண்டியில் திரும்பி வரும். ஈ340 போன்ற சேர்க்கைகள் உள்ள பதனிட்ட இறைச்சியையும் நோயாளிகள் அடையாளம் கண்டு வைத்துக்கொள்வது நல்லது.

மருந்துகளும் இந்தக் கணக்கில் வருகின்றன. இரத்த அழுத்தத்துக்கு எழுதப்படும் சில மாத்திரைகளும், மூட்டு வலிக்குத் தாமாகவே வாங்கிப் போடும் இபுப்ரோஃபன் வகையும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகளில் பல அதை இழக்கச் செய்யும். இருமலுக்கு அதிமதுரக் கசாயத்தை நாள்தோறும் குடிப்பவருக்குப் பொட்டாசியம் குறைந்து, இரத்த அழுத்தமும் ஏறலாம்; அது மூலிகை என்பதால் தீங்கில்லை என்று கொள்ளக் கூடாது. வயிற்றோட்டத்திலும் வாந்தியிலும் பொட்டாசியம் வேகமாகப் போகும். ஊரில் ஜீவனி என்று வாங்கிக் கரைத்துக் கொடுத்த பொடியில் பொட்டாசியம் குளோரைட்டும் இருப்பது அதற்காகவே. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லீட்டருக்கு ஒன்றரை கிராம். உப்பும் சீனியும் மட்டும் கரைத்துக் கொடுப்பதில் அந்த ஒன்று இருக்காது. பார்மசியில் கேட்டு வாங்குவதே சரி.

சோடியம் குறைத்த உப்பை வாங்குமுன், வீட்டில் உள்ளவர்களின் கடைசி இரத்தப் பரிசோதனையையும் அவர்கள் போடும் மருந்துகளையும் வைத்தியரிடம் காட்டி அனுமதி கேளுங்கள். சிறுநீரக நோயாளியோ டயலிசிஸ் செய்பவரோ இருக்கும் வீட்டு மேசையில் அந்த உப்பு வேண்டாம். விருந்துக்கு ஆட்களை அழைத்து அந்த உப்பில் சமைத்திருந்தால், பரிமாறுமுன் அதைச் சொல்லிவிடுங்கள்.